ரோட்ரி ஆடாதபோதுதான் ரோட்ரி தெரிகிறார்: ஒரு மிட்ஃபீல்டரின் உடம்புக்கு யார் கணக்கு வைப்பது?

2024 செப்டம்பர் 17. சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்தியாளர் சந்திப்பு. மான்செஸ்டர் சிட்டி மிட்ஃபீல்டர் ரோட்ரியிடம், ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறதே, வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வார்களா என்று கேட்கிறார்கள். அதற்கு ரொம்ப பக்கத்தில் வந்துவிட்டோம் என்கிறார் அவர். இப்படியே போனால் வேறு வழியில்லாத ஒரு கட்டம் வரும் என்றும் சொல்கிறார்.

ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நம்மூர் நேரம் இரவு 9 மணிக்கு சிட்டி – ஆர்சனல் ஆட்டம் தொடங்கியது. கால் மணி நேரம் தாண்டியிருக்கும். கார்னர் கிக்குக்காக பாக்ஸுக்குள் நின்ற ரோட்ரி, தாமஸ் பார்ட்டேவுடன் மோதி விழுந்தார். விழுந்த வேகத்தில் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஏசிஎல் எனப்படும் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அந்த பிரீமியர் லீக் சீசன் அவருக்கு அதோடு கிட்டத்தட்ட முடிந்தது.

"அன்னைக்கே சொன்னார்ல" என்று இந்த ஐந்து நாள் இடைவெளியை வைத்து எத்தனையோ ரீல்ஸ், எத்தனையோ பதிவுகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாதத்தை நான் நம்பவில்லை. ரோட்ரி அப்போது யூரோ கோப்பைக்குப் பிறகான விடுமுறையை முடித்துவிட்டு வந்து, அந்த சீசனில் அப்போதுதான் ஆடத் தொடங்கியிருந்தார். ஒரு மோதலில் கிழிந்த தசைநாரைக் காட்டி, இதோ பாருங்கள் ஓவர்லோடு என்று சொன்னால் மருத்துவர்களே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல உடம்போடு இருப்பவருக்கும் ஏசிஎல் கிழியும்.

அவர் சொன்ன விஷயம் சரியா தப்பா என்று பார்க்க அந்த ஒரு நிமிடம் போதாது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களையும், பிந்தைய ஒரு வருடத்தையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு வீரர் ஒரு சீசனில் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதை பயிற்சியாளரின் மனசுக்கும் வீரரின் தைரியத்துக்கும் விட்டுவைக்கக் கூடாது. அது விதியாக இருக்க வேண்டும். ரோட்ரி ஆடும் இடத்தில் ஆடுகிறவர்களுக்கு அது இன்னும் அவசரம்.

யார் இந்த ரோட்ரி?

முழுப்பெயர் ரோட்ரிகோ ஹெர்னாண்டஸ். 1996-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். அட்லெடிகோ மாட்ரிட்டின் இளையோர் அணியில் வளர்ந்தவரை 17 வயதில் அந்த கிளப் அனுப்பிவிட்டது. காரணம், உடல் வலு போதவில்லையாம். இன்றைக்கு ஆறடிக்கு மேல் உயரமாக நிற்கும் ஆளைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நம்பவே முடியாது.

அங்கிருந்து வில்லாரியல். பக்கத்தில் இருக்கும் காஸ்டெயோன் நகரப் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படித்துக்கொண்டு, மாணவர் விடுதியில் தங்கிக்கொண்டுதான் ஸ்பெயினின் முதல் டிவிஷனில் ஆடினார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு சின்ன கார். சமூக வலைத்தளக் கணக்கு கிடையாது. 2018-ல் அட்லெடிகோவே அவரைத் திரும்ப வாங்கியது. மறு வருடமே 7 கோடி யூரோ கொடுத்து மான்செஸ்டர் சிட்டி தூக்கிக்கொண்டு போனது.

அதன்பின் நடந்தது பலருக்குத் தெரியும். 2023 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் இன்டர் மிலானுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. 2024 யூரோ கோப்பையின் சிறந்த வீரர். அதே ஆண்டு பலோன் டி'ஓர் விருது. ஸ்பெயினைச் சேர்ந்த ஆண் வீரர் ஒருவர் அதை வாங்குவது 1960-ல் லூயிஸ் சுவாரஸ் வாங்கியதற்குப் பிறகு அப்போதுதான். (உருகுவேயின் சுவாரஸ் இல்லீங்க, இவர் வேறு.)

அப்படி என்னதான் செய்கிறார்?

இந்தக் கேள்வியை கால்பந்து அவ்வளவாகப் பார்க்காத நண்பர்கள் கேட்கும்போது பதில் சொல்வது சிரமம். ஹாலண்ட் என்ன செய்கிறார் என்று கேட்டால் ஹைலைட்ஸ் போட்டுக் காட்டலாம். ரோட்ரிக்கு ஹைலைட்ஸ் போட்டால் பாதி நேரம் ஒரு மனிதர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பந்தை பத்து அடி தள்ளி இருப்பவருக்குக் கொடுப்பதுதான் இருக்கும்.

விஷயமே அந்தத் தலையைத் திருப்புவதில்தான் இருக்கிறது. தற்காப்பு மிட்ஃபீல்டர் என்பவர் நான்கு தற்காப்பு வீரர்களுக்கு முன்னால், மைதானத்தின் நடுவில் நிற்பவர். முதுகுக்குப் பின்னாலும் ஆள், முன்னாலும் ஆள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே யார் எங்கே நிற்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வந்த பிறகு பார்த்தால் தாமதம். சிட்டி மாதிரி எதிரணியின் பாதியிலேயே கூடாரம் போடும் அணியில் இன்னொரு வேலையும் உண்டு. தன் அணி தாக்கிக்கொண்டிருக்கும்போதே, பந்து பறிபோனால் எதிராளி எந்த வழியாக ஓடுவான் என்று கணக்குப் போட்டு அந்த வழியில் போய் நின்றுகொள்ள வேண்டும். வழியில் ஆள் நிற்பதால் எதிராளி அந்தப் பக்கம் ஓடவே மாட்டான். நடக்காத கவுன்டர் அட்டாக்கை யார் பதிவு செய்வார்கள்?

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒன்று செய்து பாருங்கள். பத்தே பத்து நிமிடம், பந்தை விட்டுவிட்டு இந்த ஒரு ஆளை மட்டும் பாருங்கள். நிற்கவே மாட்டார். இரண்டடி இடது, நாலடி பின்னால், திரும்பி ஒரு பார்வை, மறுபடி முன்னால். 90 நிமிடமும் இதேதான். மூளைக்கும் ஓய்வு கிடையாது, காலுக்கும் கிடையாது. ஸ்ட்ரைக்கர் ஆட்டத்தில் இருபது நிமிடம் காணாமல் போகலாம், கடைசியில் ஒரு கோல் அடித்தால் அன்றைக்கு ஹீரோ. இவர் இருபது நொடி காணாமல் போனால் கோல் வாங்கவேண்டியிருக்கும்.

கோல் அடிக்கத் தெரியாதவர் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2023-24 பிரீமியர் லீக்கில் 34 ஆட்டங்களில் 8 கோல், 9 அசிஸ்ட்.

அவர் இல்லாத நாட்கள்

இவருடைய மதிப்பைச் சொல்ல ஒரே வழி, அவர் ஆடாத ஆட்டங்களை எண்ணுவதுதான்.

2023 பிப்ரவரியில் டோட்டன்ஹாமிடம் தோற்ற பிறகு, 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்கும் வரை, ரோட்ரி ஆடிய 74 ஆட்டங்களில் சிட்டி தோற்கவே இல்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் போனதை டிரா என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் 74!

அந்த இடைவெளியில் சிட்டி தோற்காமல் இல்லை. 2023 செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வீரர் ஒருவரின் கழுத்தில் கை வைத்ததற்காக ரோட்ரிக்கு சிவப்பு அட்டை, மூன்று உள்நாட்டு ஆட்டங்களுக்குத் தடை. நியூகாசில், வுல்வ்ஸ், ஆர்சனல், மூன்றிலும் சிட்டி தோல்வி. டிசம்பரில் மஞ்சள் அட்டைகள் சேர்ந்ததால் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக ஆட முடியவில்லை. அதிலும் தோல்வி. அந்த சீசன் லீக்கில் சிட்டி தோற்றதே மொத்தம் மூன்று ஆட்டம். மூன்றிலும் ரோட்ரி இல்லை.

காயத்துக்குப் பிறகான கதை இன்னும் மோசம். 2024 அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசி வரை 13 ஆட்டங்களில் சிட்டிக்கு ஒரே ஒரு வெற்றி. 9 தோல்வி. அதில் முதல் ஐந்தும் அடுத்தடுத்து. ஃபெயனூர்டுக்கு எதிராக 3-0 என்று முன்னிலையில் இருந்து 3-3 என்று முடித்ததும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. தொடர்ந்து நான்கு வருடம் சாம்பியனான அணி, அந்த சீசனில் மூன்றாவது இடம்.

எல்லாவற்றையும் ரோட்ரி தலையில் கட்டுவதும் நியாயமில்லை. தற்காப்பு வீரர்கள் பலருக்கும் அப்போது காயம். அணிக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் இல்லையா: இவ்வளவு பணம் வைத்திருக்கும் கிளப், இவ்வளவு முக்கியமான இடத்துக்கு மாற்று ஆள் வைத்திருக்கவில்லையா?

வைத்திருந்தார்கள். 2022-ல் லீட்ஸிலிருந்து கால்வின் ஃபிலிப்ஸைப் பெரிய தொகைக்கு வாங்கினார்கள். ஆனால் ஆடவைக்கவில்லை. ஒன்றரை வருடம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வெஸ்ட் ஹாமுக்கு இரவல் கொடுத்தார்கள். அந்த ஒன்றரை வருடமும் ரோட்ரி ஆடிக்கொண்டே இருந்தார். அடுத்து நிக்கோ கொன்சாலஸை போர்ட்டோவிலிருந்து வாங்கியது 2025 பிப்ரவரியில், அதாவது வீடு எரிந்த பிறகு.

எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. பயிற்சியாளர் குவார்டியோலாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. ரோட்ரி ஆடினால் தோற்க மாட்டோம், ஆடாவிட்டால் தோற்போம் என்று தெரிந்த பிறகு, எந்தப் பயிற்சியாளர் ஓய்வு கொடுப்பார்? 2024 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுடன் 3-3 டிரா ஆன பிறகு ரோட்ரியே வெளிப்படையாக எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னார். அடுத்த லீக் ஆட்டத்தில், லூட்டனுக்கு எதிராக, அவரை இறக்கவில்லை. சிட்டி 5-1 என்று வென்றது. உலகத்தின் சிறந்த மிட்ஃபீல்டர், லீக்கின் அடிமட்ட அணிக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் உட்காருவதற்கு மைக் முன்னால் வாய்விட்டுக் கேட்கவேண்டியிருந்தது.

63 ஆட்டம் என்றால் என்ன?

2023-24 சீசனில் கிளப்புக்கு 50, நாட்டுக்கு 13, ஆக 63 ஆட்டம் ஆடினார் ரோட்ரி. சீசன் முடிந்தது 2024 ஜூலை 14-ம் தேதி, பெர்லினில், யூரோ இறுதி ஆட்டத்தின் இடைவேளையில். காயத்தோடு வெளியே போனார். ஸ்பெயின் ஜெயித்தது.

40 முதல் 50 ஆட்டம் வரைதான் ஒரு வீரரால் உச்சத்தில் ஆட முடியும், அதற்கு மேல் போனால் தரம் குறையும் என்பது அவருடைய கணக்கு. வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றாலே ஒரு ஆட்டத்தின் வலி ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். நடுவில் விமானப் பயணம், பயிற்சி, தூக்கம் கெட்ட இரவுகள்.

அவர் குரல் கொடுத்த சீசனில்தான் சாம்பியன்ஸ் லீக் 36 அணிகளாக விரிந்தது. முதல் கட்டத்தில் 6 ஆட்டம் என்பது 8 ஆனது. எட்டாவது இடத்துக்குக் கீழே போனால் இன்னும் இரண்டு பிளே-ஆஃப். சிட்டி அப்படித்தான் போய் ரியல் மாட்ரிட்டிடம் மாட்டியது. சீசன் முடிந்ததும் ஓய்வு என்று பார்த்தால், 2025 ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவில் 32 அணிகளோடு புது கிளப் உலகக் கோப்பை. பரிசுத் தொகை மட்டும் 100 கோடி டாலர்.

ரோட்ரி காயத்திலிருந்து திரும்பியது 2025 மே 20-ம் தேதி, போர்ன்மவுத்துக்கு எதிராக, கடைசி சில நிமிடங்களுக்கு. எட்டு மாதம் ஆடாத கால். அடுத்த மாதமே அமெரிக்கா. ஜூன் 30-ம் தேதி அல் ஹிலாலுக்கு எதிராக சப்ஸ்டிட்யூட்டாக இறங்கினார், கூடுதல் நேரத்தில் மறுபடி காயத்தோடு வெளியே வந்தார். சிட்டி 4-3 என்று தோற்று வீட்டுக்கு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் பிரைட்டனிடம் தோற்ற பிறகு, நான் ஒன்றும் மெஸ்ஸி இல்லை, திரும்பி வந்ததும் அணியை ஜெயிக்கவைக்க என்று அவரே சொல்லும் நிலை. அக்டோபர் 5-ம் தேதி பிரென்ட்ஃபோர்டு ஆட்டத்தில் இருபது நிமிடம் சொச்சத்தில் தொடைத் தசை பிடித்துக்கொண்டது.

முதலில் கிழிந்த ஏசிஎல்லுக்கு ஆட்ட அட்டவணையைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததற்குச் சொல்வேன். அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் எழுந்து வந்தவருக்கு ஒரு முழு கோடைகாலம் தேவைப்பட்டது. அந்தக் கோடையை ஒரு புதுத் தொடருக்கு விற்றுவிட்டார்கள்.

கோடி கோடியா வாங்குறாங்க, ஆடட்டுமே?

இந்த டாபிக்கில் என்ன எழுதினாலும் கமென்டில் முதலில் வருவது இதுதான். ரோட்ரி ஏழை இல்லை, உண்மை. ஆனால் சம்பளம் அதிகம் என்பதால் தசைநார் வலுவாகிவிடாது. தவிர, இந்தப் புதுத் தொடர்களை உருவாக்கும்போது ஆடப்போகிறவர்களைக் கேட்டு யாரும் செய்வதில்லை. இங்கிலாந்து, பிரான்ஸ் வீரர் சங்கங்கள் 2024 ஜூனில் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்துக்குப் போனதும், அக்டோபரில் ஃபிஃப்ப்ரோவின் ஐரோப்பியப் பிரிவும் ஐரோப்பிய லீக்குகளும் சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்திடம் ஃபிஃபா மீது புகார் கொடுத்ததும் இதற்காகத்தான். லீக் முதலாளிகளும் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது பாருங்கள்.

2025 ஜூலையில் ஃபிஃபா ஒரு கூட்டம் போட்டு, ஆட்டங்களுக்கு நடுவில் 72 மணி நேரம், சீசன் முடிவில் 21 நாள் ஓய்வு என்று அறிவித்தது. உலக வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோவை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கவே இல்லை. ஃபிஃப்ப்ரோ கேட்பது 28 நாள்.

ஓய்வு நாட்களைக் கூட்டுவது நல்லதுதான், ஆனால் போதாது. ஒரு வீரருக்கு சீசனுக்கு இத்தனை ஆட்டம்தான், கிளப்பும் நாடும் சேர்த்து, என்று உச்சவரம்பு வேண்டும். 55 என்று வைக்கலாம். ரோட்ரி சொன்ன 50-க்கு மேலே கொஞ்சம் கொடுத்தே சொல்கிறேன். 56-வது ஆட்டத்துக்கு அவர் பெயரை எழுதவே முடியாது என்றால், கிளப் கால்வின் ஃபிலிப்ஸைப் பெஞ்சில் காயப்போடாது. ஜனவரியிலேயே கணக்குப் பார்த்து ஆடவைக்கும். நாமும் ஒரு புது ஆளைப் பார்ப்போம்.

கிரிக்கெட்டில் இது நமக்குப் புதிதில்லை. 2025 இங்கிலாந்து தொடருக்கு முன்பே, ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் பும்ரா ஆடுவார் என்று சொல்லிவிட்டார்கள். திட்டினோம், மீம் போட்டோம், ஆனால் பழகிக்கொண்டோம்.

இதனால் சின்ன கிளப்புகள் பாதிக்கப்படும் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது புரியவில்லை. 60 ஆட்டம் ஆடுகிறவர்கள் பெரிய கிளப்புகளில் இருக்கும் கொஞ்சம் பேர்தான். தொழில்முறை வீரர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் இந்த வரம்பைத் தொடவே மாட்டார்கள். உண்மையில் சின்ன கிளப்புகள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டன. அட்டவணையில் இடம் இல்லை என்று 2024-25 முதல் எஃப்.ஏ. கோப்பையின் பிரதான சுற்றுகளில் ரீப்ளே ஆட்டங்களை ஒழித்தார்கள். மூன்றாவது, நான்காவது டிவிஷன் கிளப்புக்கு ஒரு பெரிய அணியின் மைதானத்தில் கிடைக்கும் ரீப்ளே டிக்கெட் பணம் பல மாதச் சம்பளத்துக்குச் சமம். அதை வெட்டினார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு ஆட்டம்கூட வெட்டவில்லை.

பலோன் டி'ஓர் வாங்க 2024 அக்டோபர் 28 அன்று பாரிஸ் மேடைக்கு ரோட்ரி ஊன்றுகோலோடுதான் ஏறினார். வினிசியஸை விட 41 புள்ளிதான் அதிகம். ரியல் மாட்ரிட் கோபித்துக்கொண்டு ஆள் அனுப்பவில்லை, மறுநாள் பேச்செல்லாம் அதைப் பற்றியே இருந்தது. சாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் மாதிரி இது கிடைக்காமல் போனவர்களுக்கும் மிட்ஃபீல்டர் என்ற இடத்துக்கும் சேர்த்துத்தான் இந்த விருது என்று அவர் சொன்னது அந்தச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

2026 உலகக் கோப்பையில் 48 அணிகள், 104 ஆட்டங்கள். இறுதி ஆட்டம் வரை போகும் அணி இதற்கு முன் 7 ஆட்டம் ஆடியது, இனி 8. இறுதி ஆட்டம் ஜூலை 19. அடுத்த பிரீமியர் லீக் சீசனை ஆகஸ்ட் 22-க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், நடுவில் 33 நாள் கிடைக்கும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமும் நட்பு ஆட்டங்களும் அந்த 33 நாளுக்குள்ளேதான்.